செம்பாக்கம் ஏரித்தொடரும் பள்ளிக்கரணை சதுப்புநிலமும்: காட்டுயிர்களும் இயற்கைச் சுற்றுலாவும்

செம்பாக்கம், சென்னையின் தெற்குப் புறநகரில் தாம்பரம் – வேளச்சேரி முதன்மைச் சாலையில் அமைந்துள்ள ஊர் ஆகும். முன்பு தனி நகராட்சியாக இருந்த இவ்வூர், 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் நகராட்சிகளுடன் அதில் இணைக்கப்பட்டது. இவ்வூரின் ஏரியிலிருந்து வழியும் உபரிநீர் அடுத்தடுத்த ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சென்றடைகிறது. வலசை வரும் பறவைகளுக்காக இன்று உலக அளவில் அறியப்படும் அந்தச் சதுப்புநிலம், செம்பாக்கத்திலிருந்து சாலை வழியாகச் சுமார் 10 கிலோமீட்டருக்குள் உள்ளது. செம்பாக்கம் ஏரி, நன்மங்கலம் புதர்க்காடு, பள்ளிக்கரணை சதுப்புநிலம் ஆகிய மூன்றும் ஒரே நீரோட்டப் பாதையை ஒட்டி அமைந்தவை. இவற்றின் காட்டுயிர்களையும், அவற்றைக் காண வருவோருக்கான வசதிகளையும், இவ்விடங்கள் எதிர்கொள்ளும் சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

'தரிசு' என்ற சொல் செய்த வேலை

பழைய ஆவணங்களில் பள்ளிக்கரணை ஒரு கழுவெளி. மழைக்காலத்தில் நீர் பரவி நிற்கும். கோடையில் பெரும்பகுதி வற்றி, பிளந்த சேறும் கோரையுமாகக் கிடக்கும். பயிரிட ஏற்றதன்று, வீடு கட்டவும் ஆகாது. ஆகவே நிலப் பதிவேடுகளில் இது பயனற்ற நிலமாக வகைப்படுத்தப்பட்டது. பாலைவனத்தை வெற்று மணலாக மட்டும் காணும் அதே பார்வைதான் சதுப்புநிலத்தை வெற்றுச் சேறாகக் கண்டது. ஒரு நிலத்தைத் தரிசு என்று எழுதிவிட்டால், அதன்மேல் எதை வைத்தாலும் கேள்வி எழுவதில்லை. பெருங்குடிப் பகுதியில் 1980களிலிருந்து மாநகரத்தின் குப்பை இங்கே கொட்டப்பட்டது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. தேசிய அளவிலான ஆய்வு நிறுவனங்களும், தகவல் தொழில்நுட்ப வளாகங்களும், பறக்கும் ரயில் பாதையும் சதுப்பின் ஓரங்களில் எழுந்தன. பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் 200 அடி ரேடியல் சாலை, சதுப்புநிலத்தின் நடுவே சென்று அதை இரண்டாகப் பிரித்தது.

ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரவியிருந்ததாகக் கணக்கிடப்படும் இந்த ஈரநிலத்தில், இன்று சதுப்பாகவே எஞ்சியிருப்பது அதன் சிறு பகுதியே. இத்தனைக்கும் இதன் மதிப்பு முன்பே அறியப்படாமல் இல்லை. 1985–86 இல் நடுவண் அரசு தொடங்கிய தேசிய ஈரநிலப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் அடையாளம் காணப்பட்ட 94 ஈரநிலங்களில் பள்ளிக்கரணையும் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றவை கோடியக்கரை, மரக்காணம் அருகிலுள்ள கழுவேலி, பள்ளிக்கரணை ஆகிய மூன்று மட்டுமே. பட்டியலில் பெயர் இருந்தது. குப்பை லாரிகளும் வந்துகொண்டிருந்தன.

நிலைமை மாறத் தொடங்கியது 2000களில்தான். சென்னையின் கேர் எர்த் அறக்கட்டளை மேற்கொண்ட கள ஆய்வும், சுற்றுவட்டாரக் குடியிருப்போரின் தொடர்ந்த முறையீடுகளும் அரசின் கவனத்தை ஈர்த்தன. 2007 இல் 317 ஹெக்டேர் பரப்பு வனத்துறையின் பொறுப்பில் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பின்னர் மாநகராட்சியிடமிருந்த நிலமும் படிப்படியாகச் சேர்க்கப்பட்டு, இப்போது ஏறத்தாழ 700 ஹெக்டேர் வனத்துறையின் வசம் உள்ளது. 2022 ஏப்ரலில் 1,247.54 ஹெக்டேர் பரப்புள்ள பள்ளிக்கரணை சதுப்புநிலக் காப்புக்காடு ராம்சர் தலமாகக் குறிக்கப்பட்டது.

ராம்சர் என்பது ஈரானில் காசுப்பியன் கடலோரம் உள்ள ஒரு நகரம். 1971 பிப்ரவரி 2 அன்று அங்கு கையெழுத்தான ஈரநில உடன்படிக்கை அந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இந்தியா 1982 இல் அதில் இணைந்தது. இன்று இந்திய மாநிலங்களில் மிகுதியான ராம்சர் தலங்களைக் கொண்டது தமிழ்நாடு. 2025 தொடக்கத்தில் இவற்றின் எண்ணிக்கை 20 ஆனது. ராம்சர் தகுதி என்பது வேலியன்று. நிலத்தின் இயல்பைக் கெடாமல் காப்போம் என்று ஒரு நாடு பிற நாடுகளுக்குக் கொடுக்கும் உறுதிமொழி அது. அந்த உறுதிமொழியை நிறைவேற்றுவது உள்நாட்டுச் சட்டங்களும் உள்ளூர் நிர்வாகமும்தான். பள்ளிக்கரணை ராம்சர் தலமாகக் குறிக்கப்பட்ட அதே 2022 ஏப்ரல் மாதத்தின் இறுதியில், பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ பல நாட்கள் எரிந்து, சுற்றியுள்ள பகுதிகளைப் புகையில் மூழ்கடித்தது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம்.

நீர் செல்லும் வழி

பள்ளிக்கரணையைப் புரிந்துகொள்ள, முதலில் ஏரித்தொடர் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். தென்சென்னைப் புறநகர், மேற்கிலிருந்து கிழக்காகக் கடலை நோக்கி மெல்லச் சரியும் நிலம். முன்னோர் இச்சரிவின் குறுக்கே கரைகள் எழுப்பி ஏரிகளை அமைத்தனர். ஓர் ஏரி நிரம்பியதும் மிகுதி நீர் கலங்கல் வழியாக வழிந்து, கால்வாயில் ஓடி, அடுத்த ஏரிக்குப் போகும். மதகு வழியே பாசனத்துக்கு நீர் செல்லும். சிட்லபாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைக்கும் செல்வது இத்தகைய ஒரு தொடர். இவ்வாறு பல திசைகளிலிருந்தும் பல ஏரிகளின் நீர் வந்து சேரும் பள்ளிக்கரணையின் நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 250 சதுர கிலோமீட்டர்.

வந்து சேரும் நீர் வெளியேறும் வழியோ குறுகலானது. சதுப்பின் தென்கிழக்கே ஒக்கியம் மடுவு என்னும் ஓடை, பழைய மாமல்லபுரம் சாலையின் பாலத்துக்கு அடியில் சென்று பக்கிங்காம் கால்வாயில் கலக்கிறது. அங்கிருந்து தெற்கே ஓடி, முட்டுக்காடு – கோவளம் கழிமுகம் வழியாக நீர் வங்காள விரிகுடாவை அடைகிறது. கோடையில் கழிமுகத்தில் மணல் திட்டு மேடிட்டுக் கடலுக்கான வாயில் சுருங்கும். மழை வெள்ளம் வரும்போது அது அகலும். இந்த அமைப்பால்தான் பள்ளிக்கரணை பெரும்பாலும் நன்னீர்ச் சதுப்பாக இருந்தும், கடலோடு தொடர்புள்ள பகுதிகளில் உவர்த்தன்மையும் காணப்படுகிறது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடங்களில் உயிரின வகைகள் மிகுவது இயல்பு.

சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. சில நாட்களில் கொட்டித் தீர்க்கும் மழையைச் சதுப்புநிலம் பரப்பி நிறுத்தி, மெதுவாகக் கடலுக்கு விடுகிறது. ஒரு பகுதியை நிலத்துக்குள் இறக்குகிறது. வாளியில் ஊற்றிய நீரைத் தட்டில் ஊற்றினால் ஆழம் குறைவதுபோல், பரப்பு இருந்தால் வெள்ளத்தின் உயரம் குறையும். அந்தத் தட்டைச் சுருக்கியதன் விளைவை 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதி மக்கள் கண்டனர். பல தெருக்களில் நாட்கணக்கில் நீர் வடியவில்லை. பறவைகளைப் பாதுகாக்கும் பேச்சு பணிகளற்றோரின் பொழுதுபோக்கு என்று எண்ணியவர்கள்கூட, சதுப்புநிலம் தங்கள் வீட்டு வாசற்படியோடு தொடர்புடையது என்று உணர்ந்தது அப்போதுதான்.

காட்டுயிர்கள்

கேர் எர்த் அறக்கட்டளையின் ஆய்வு, பள்ளிக்கரணையில் 115 வகைப் பறவைகள், 46 வகை மீன்கள், 21 வகை ஊர்வன, 10 வகை நீர்நில வாழ்வன, 10 வகைப் பாலூட்டிகள், 9 வகை மெல்லுடலிகள், 7 வகை வண்ணத்துப்பூச்சிகள், 5 வகை ஓட்டுடலிகள், 114 வகைத் தாவரங்கள் ஆகியவற்றைப் பதிவு செய்தது. தாவரங்களில் 29 வகை புற்களாகும். பின்னாளில் பறவை நோக்குவோர் தந்த பதிவுகளால் பறவைகளின் பட்டியல் மேலும் நீண்டுள்ளது.

இங்குள்ள பறவைகளைக் காலில் தொடங்கிப் பார்த்தால் எளிதில் விளங்கும். விரற்கடை அளவே நீருள்ள சேற்றில் உள்ளான் வகைகள் நடந்து புழுக்களைக் கொத்துகின்றன. முழங்கால் அளவு நீரில் நெடுங்கால் உள்ளான் தன் சிவந்த மெல்லிய கால்களால் நடமாடும். அதைவிடச் சற்று ஆழத்தில் மஞ்சள் மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் இரை தேடும். நத்தைகுத்தியின் அலகுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி உண்டு. நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்க ஏற்ற அமைப்பு அது. ஆழமான நீர்ப்பரப்பில் கூழைக்கடா மிதந்தபடி, கீழ் அலகின் தோல்பையால் மீனை நீரோடு வாரி எடுக்கும். பிறகு நீரை வடித்துவிட்டு மீனை விழுங்கும். முக்குளிப்பானும் நீர்க்காகமும் மூழ்கி வேட்டையாடும். பாம்புத்தாரா உடலை நீருக்குள் மறைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டி நீந்துவதைத் தொலைவிலிருந்து பார்ப்போர் பாம்பு என்றே நினைப்பர்.

ஆகவே ஒரே நீர்நிலையில் பல ஆழங்கள் இருந்தால்தான் பலவகைப் பறவைகளும் வாழ இயலும். ஏரியைத் தூர்வாரும்போது கரை முதல் கரை வரை ஒரே ஆழத்துக்குத் தோண்டிவிடும் வழக்கம், நீர் சேமிக்க உதவினாலும் சேற்றில் நடக்கும் பறவைகளுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. ஓரங்களைச் சரிவாக விடுவதும், நடுவே சில திட்டுகளை விட்டுவைப்பதும் இதற்கு எளிய மாற்று.

பார்வையாளர்கள் பெரிதும் விரும்பித் தேடுவது பூநாரைகளை. இளஞ்சிவப்புச் சிறகும் நீண்ட வளைந்த கழுத்தும் கொண்ட பெரும் பூநாரைகள், தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கின் அசைவால் நீரை உறிஞ்சி வெளியேற்றி, சல்லடை போன்ற அலகின் ஓரங்களில் சிக்கும் நுண்ணுயிர்களையும் சிறு கூனிறால்களையும் உண்கின்றன. அவ்வுணவிலுள்ள நிறமிகளே சிறகுக்கு நிறம் தருகின்றன. இளம் பறவைகள் சாம்பல் கலந்த வெண்மையாகவே இருக்கும். பழவேற்காட்டில் பெருந்திரளாகக் காணப்படும் இப்பறவைகள் பள்ளிக்கரணையில் உயர்ந்த கட்டடங்களின் பின்னணியில் நிற்கும் காட்சி, சென்னையின் அடையாளப் படங்களுள் ஒன்றாகிவிட்டது.

வட ஆசியாவின் குளிருக்கு ஒதுங்கி, மத்திய ஆசிய வலசைப் பாதை வழியாக இங்கு வருபவை பல. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி முதலிய வாத்துகளும், சேற்றுப் பூனைப்பருந்தும், உள்ளான் வகைகள் பலவும் இவற்றில் அடங்கும். நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, நீளவால் இலைக்கோழி ஆகியவை ஆண்டு முழுதும் காணக்கூடியவை. இலைக்கோழியின் விரல்கள் மிக நீளமானவை. உடல் எடை பரவுவதால் அது மிதக்கும் அல்லி இலைகளின்மேல் அமிழாமல் நடக்கிறது. இதில் குஞ்சுகளை வளர்ப்பது ஆண் பறவை. பெண் பறவை முட்டையிட்டுவிட்டு வேறு துணையை நாடிச் செல்லும்.

ஊர்வனவற்றில் கண்ணாடி விரியன் இப்பகுதியில் நன்கு அறியப்பட்டது. சதுப்பை ஒட்டிய குடியிருப்புகளில் இது தென்படுவதுண்டு. கடும் நச்சுள்ள பாம்பாதலால், நடைபாதையை விட்டு இறங்காமலிருப்பது பார்வையாளருக்கு நல்லது. சாரை, நீர்க்கோலி ஆகியவையும் உண்டு. விரால், கெளுத்தி, கெண்டை வகை மீன்களை நம்பிச் சிறு வலைகளோடு வரும் குடும்பங்களும் இந்நிலத்தின் பழைய உரிமையாளர்களே. சுற்றுலாத் திட்டங்கள் பலவற்றில் இவர்கள் பெயர் இடம்பெறுவதில்லை.

தாவரங்களில் சம்பங்கோரை மிகுந்து வளர்ந்துள்ளது. இது ஓரளவுக்கு நல்லது. தாழைக்கோழிக்கு மறைவிடமும் கூடும் தருகிறது. ஆனால் ஊர்களிலிருந்து ஆண்டு முழுதும் கழிவுநீர் வந்துகொண்டிருப்பதால், கோடையில் வற்றிப் புதுப்பித்துக்கொள்ளும் இயல்பைச் சதுப்பு பல இடங்களில் இழந்துவிட்டது. சத்து மிகுந்த அந்நீரில் கோரையும் ஆகாயத்தாமரையும் திறந்த நீர்ப்பரப்பை மூடுகின்றன. வாத்துகளும் பூநாரைகளும் இறங்க இடமில்லாமல் போகிறது. பசுமையாகத் தெரிவதெல்லாம் நலமன்று என்பதற்கு இது ஒரு நல்ல பாடம். மேட்டுப்பகுதிகளில் சீமைக்கருவேலம் பரவியுள்ளது.

நன்மங்கலம் புதர்க்காடு

செம்பாக்கத்துக்கு அருகிலேயே உள்ள நன்மங்கலம் காப்புக்காடு சுமார் 320 ஹெக்டேர் பரப்புள்ளது. சதுப்புக்கு நேர்மாறான வறண்ட நிலம் இது. பாறைமேடுகள், முட்புதர்கள், நடுவே கைவிடப்பட்ட கல்குவாரி. சோழமண்டலக் கடற்கரைச் சமவெளியின் இயல்பான புதர்க்காடு எப்படி இருந்திருக்கும் என்பதைக் காட்டும் எச்சம் என்றே இதைச் சொல்ல வேண்டும். குவாரியின் செங்குத்தான பாறைச் சுவர்களில் கொம்பன் ஆந்தை வாழ்வதால் பறவை ஆர்வலரிடையே இக்காடு புகழ்பெற்றது. தரையில் வளரும் ஆர்க்கிட் வகைகளும் இங்குக் காணப்படுகின்றன. கொம்பன் ஆந்தையை அருகில் சென்று படமெடுக்க முயல்வதும், ஒலிப்பதிவுகளை இசைத்து அதை வரவழைப்பதும் அதன் இனப்பெருக்கத்தைக் குலைக்கும். நல்ல பறவை நோக்குநர்கள் கூட்டின் இடத்தை வெளியே சொல்வதில்லை.

செம்பாக்கம் ஏரியின் மீட்பு

செம்பாக்கம் ஏரி சுமார் 100 ஏக்கர் பரப்புடையது. வயல்கள் மனைகளாக மாறியதும் பாசனம் நின்றது. ஏரியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய தேவையும் ஊராருக்குக் குறைந்தது. சுற்றுப்புறக் கழிவுநீர் வரத்துக்கால்வாய்கள் வழியே ஏரிக்குள் வந்தது. ஆகாயத்தாமரை படர்ந்து நீர் கண்ணுக்கே தெரியாத ஆண்டுகளும் இருந்தன. 2018க்குப் பின் தி நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகியவை அரசுத் துறைகளின் இசைவோடு இதை மீட்கும் பணியில் இறங்கின. வண்டலை அகற்றுவது, கரையைப் பலப்படுத்துவது, நீர் வரும் வழிகளையும் போகும் வழிகளையும் சீராக்குவது ஆகியன பணியின் பகுதிகள்.

இந்த ஏரியைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் கவனிக்கத்தக்கது. தொடரின் மேற்புறத்தில் ஓர் ஏரி தூய்மையானால், கீழே உள்ள ஏரிகளுக்கும் இறுதியில் பள்ளிக்கரணைக்கும் அதன் பயன் போய்ச்சேரும். மாறாக, சதுப்பை மட்டும் வேலியிட்டுக் காத்து, மேலிருந்து கழிவுநீரை விட்டுக்கொண்டிருந்தால் வேலி எதையும் தடுக்காது. பாதாளச் சாக்கடைத் திட்டம் எல்லாத் தெருக்களையும் எட்டாத வரை எந்த ஏரியின் மீட்பும் பாதி வேலைதான். பறவைகளைப் பொறுத்தவரை, திறந்த நீர்ப்பரப்பு கிடைத்த ஏரிகளுக்கு அவை தாமாகவே திரும்பி வருகின்றன, அழைப்பிதழ் தேவைப்படுவதில்லை.

இயற்கைச் சுற்றுலா

பள்ளிக்கரணையில் சுற்றுலா என்று சொல்லத்தக்க ஏற்பாடு நெடுங்காலம் இல்லை. பறவை பார்ப்போர் ரேடியல் சாலையின் ஓரம் வண்டியை நிறுத்தி, விரையும் லாரிகளுக்கு முதுகைக் காட்டியபடி இருகண்ணோக்கியைத் தூக்குவர். 2021 இல் அச்சாலையை ஒட்டி வனத்துறை அமைத்த சூழலியல் பூங்கா திறக்கப்பட்டது. நடைபாதை, பார்வை மேடைகள், விளக்கப் பலகைகள், நாட்டு மர நடவுகள் ஆகியவை இதில் உள்ளன. நடைப்பயிற்சிக்கு வருவோரே மிகுதி எனினும், அவர்களில் சிலர் ஒரு பருவம் கழிவதற்குள் தாழைக்கோழியையும் நாமக்கோழியையும் வேறுபடுத்திச் சொல்லப் பழகிவிடுகிறார்கள்.

காண ஏற்ற காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. சூரியன் எழுந்து இரண்டு மணி நேரத்துக்குள்ளும், மாலை நான்கு மணிக்குப் பிறகும் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும். பெருமழைக்குப் பின் உடனே போனால் ஏமாற்றமே மிஞ்சும். நீர் ஆழமாக இருக்கும்போது பறவைகள் சிதறிவிடும். சனவரி முதல் நீர் மெல்ல வற்றும்போதுதான் அவை எஞ்சிய நீரைச் சுற்றிக் கூடும். பொங்கல் விடுமுறை இதற்குப் பொருத்தமான காலம். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பதினைந்து நிமிடம் பார்த்துப் பதிவு செய்வோரும் பங்கேற்கலாம். பள்ளி மாணவர்களை இதில் சேர்ப்பது எளிது, செலவும் இல்லை.

ஒரு நாள் பயணமாக வருவோர், தாம்பரத்தை அடுத்துள்ள வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவையும் சேர்த்துக்கொள்வதுண்டு. 1855 இல் சென்னையில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலையின் தொடர்ச்சியாக 1985 இல் வண்டலூரில் திறக்கப்பட்ட இது 602 ஹெக்டேர் பரப்புள்ளது. அதனுள் உள்ள ஓட்டேரி ஏரிக்குக் கூண்டுக்கு வெளியே வாழும் பறவைகளும் வருகின்றன. கடற்கரைப் பக்கம் முட்டுக்காடு கழிமுகமும், 1976 இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய வடநெம்மேலி முதலைப் பண்ணையும் உள்ளன. சனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரை – பெசன்ட் நகர் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்கள் இரவு நடைகள் மூலம் அம்முட்டைகளைக் காத்து வருகின்றனர். பொதுமக்களும் அந்நடைகளில் கலந்துகொள்ளலாம்.

நகருக்குள் உள்ள ஈரநிலத்தில் சுற்றுலா எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டுகள் சில உண்டு. துபாயில் பாலைவனமும் கடலோடையும் சந்திக்கும் இடத்தில் ராஸ் அல் கோர் சரணாலயம் இருக்கிறது. 2007 இல் ராம்சர் தலமான அது, பரப்பில் பள்ளிக்கரணைக் காப்புக்காட்டைவிடச் சிறியது. உலகின் மிக உயர்ந்த கட்டடம் பின்னணியில் தெரிய, பூநாரைகள் அங்கு மேய்கின்றன. பார்வையாளர் மரத்தாலான மறைவிடங்களுக்குள் இருந்துதான் பார்க்க முடியும்; சரணாலயத்துக்குள் காலடி வைக்க இயலாது. அங்கு வேலை செய்யும் தமிழர்கள் பலர் விடுமுறை நாளில் குழந்தைகளோடு அந்த மறைவிடங்களில் நின்றிருப்பர். சிங்கப்பூரின் சுங்கை பூலோ, 1986 இல் பறவை ஆர்வலர்களின் கோரிக்கையால் கவனம் பெற்று, 1993 இல் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002 இல் காப்பகமானது. இவ்விரண்டிலும் மனிதர் ஒரு சிறு ஓரத்தில் நிறுத்தப்பட்டு, மற்றதெல்லாம் பறவைகளுக்கு விடப்படுகிறது. பள்ளிக்கரணையிலும் சூழலியல் பூங்கா மூன்று ஹெக்டேருக்குள் அடங்கியிருப்பது சரியான தொடக்கம்தான். படகுச் சவாரி, ஒளி விளக்குகள், உணவுக் கடைகள் என்று அதை விரிக்கும் யோசனைகள் வரும்போதுதான் எச்சரிக்கை தேவை. இரவில் ஒளி பாய்ச்சப்பட்ட நீரில் பறவை தங்காது.

ஆயினும் இவ்வகையில் தமிழ்நாட்டுக்கு வெளியே போய்க் கற்க வேண்டிய தேவையும் அதிகமில்லை. வேடந்தாங்கலில் பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊர் மக்கள், 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் முறையிட்டுப் பறவைகளைச் சுடுவதற்குத் தடை பெற்றனர். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் என்ற பெயரும் அதற்கு உண்டு. அங்கு பறவைக்கும் உழவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருந்தது. பள்ளிக்கரணையைச் சுற்றி இன்று உழவர் இல்லை. அடுக்ககங்களில் வாழ்வோர் இருக்கின்றனர். அவர்களுக்கும் சதுப்புக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் வெள்ளமும் நிலத்தடி நீரும்தான்.

எல்லைச் சிக்கல்

ராம்சர் தலமாகக் குறிக்கப்பட்ட பரப்புக்கும் வனத்துறையின் வசமுள்ள பரப்புக்கும் இடையே ஏறத்தாழ 550 ஹெக்டேர் வேறுபாடு இருக்கிறது. இந்த இடைப்பட்ட நிலத்தில் தனியார் பட்டா நிலங்களும் உள்ளன. எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்னும் வழக்குகள் இதனால் எழுந்துள்ளன. ராம்சர் தலத்தின் தாக்க மண்டலம் வரையறுக்கப்படும் வரை, தலத்துக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும் புதிய கட்டட அனுமதி வழங்கக் கூடாது என்று 2025 இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. சேமிப்பையெல்லாம் போட்டு மனை வாங்கியவர்கள் இதனால் தவித்தனர் என்பதும் உண்மை. அவர்கள் வாங்கும்போது வரைபடத்தில் எல்லைக்கோடு இல்லை. கோடு தாமதமாக வரையப்படும்போது இழப்பு எப்போதும் கடைசியாக வாங்கியவர் தலையில்தான் விழுகிறது.

பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பணியை மாநகராட்சி செய்துவருகிறது. மண், பிளாஸ்டிக், கட்டட இடிபாடு எனக் குப்பை தனித்தனியாகப் பிரிக்கப்பட்டு, நிலம் மீட்கப்படுகிறது. அவ்வாறு மீட்கப்படும் நிலம் மீண்டும் சதுப்பாகுமா, பூங்காவாகுமா, வேறு பயன்பாட்டுக்குப் போகுமா என்பது பறவை ஆர்வலரும் குடியிருப்போரும் உற்றுநோக்கும் கேள்வியாக உள்ளது.

ஏப்ரல் மாதத்தில் வலசைப் பறவைகள் வடக்கு நோக்கிக் கிளம்பிவிடும். அதன் பிறகு சதுப்பு வெறிச்சோடிவிடுவதாகப் பலரும் கருதுகின்றனர். மே, ஜூன் மாதங்களில் அதிகாலையில் சென்றால், கோரைக்குள் நீலத் தாழைக்கோழி குஞ்சுகளை நடத்திச் செல்வதையும், ஆட்காட்டி தரையில் இட்ட முட்டைகளுக்கு அருகே யாரும் வராதபடி கத்திக்கொண்டு வட்டமிடுவதையும் காணலாம். தென்மேற்குப் பருவத்தின் மழை நீர்ப்பரப்பை நனைக்கத் தொடங்கும்போது நீளவால் இலைக்கோழிக்கு அதன் நீண்ட வால் வளர்ந்துவிடும். குளிர்காலத்தில் மட்டும் வருபவர்கள் அதை வாலில்லாப் பறவையாகவே பார்த்துவிட்டுப் போகிறார்கள்.